கடைசிப் பதினாறு பக்கம்

நூலகத் துறைக்கு இளைஞர்கள் மீது திடீரென்று அக்கறை பிறந்தது. அக்கறை பிறந்த மூன்றாம் நாள் சுற்றறிக்கையும் பிறந்தது. "பதின்மூன்று முதல் பத்தொன்பது வயது வரையிலான இளையோர் நாவல் வாசகர்கள், தங்களுக்கு மிகவும் பிடித்த நூல் எது என்பதையும், அண்மையில் வெளிவந்த நூல்கள் குறித்த தங்கள் மேலான கருத்துகளையும், இணைப்பில் காணும் படிவத்தில், நீல மையில், மூன்று பிரதிகளில் சமர்ப்பிக்க இதன்மூலம் பணிக்கப்படுகிறார்கள்." படிக்காமலே எழுதிப் பிள்ளைகள் துறையை ஏமாற்றிவிட்டால் என்ன செய்வது? அதற்காகவே ஒன்பதாவது கேள்வி: "கதை எப்படி முடிகிறது? நான்கு வரிகளுக்கு மிகாமல் எழுதுக."

இந்த ஒன்பதாவது கேள்வியைக் கிளை நூலகத்தின் நூலகர் அம்மா மூன்று தரம் படித்தார்.

குடிநீர் அலுவலகத்தின் மாடியில் இரண்டு அறைகள். அதுதான் கிளை நூலகம். கடகடவென்று ஓடி, காற்றை மட்டும் தராத ஒரு மின்விசிறி. இடது காலால் கீழ்மூலையில் ஓர் உதை விட்டால்தான் திறக்கும் இரும்பு பீரோ. அந்த பீரோவையும் மின்விசிறியையும் முப்பத்தோரு வருஷமாகச் சமாளித்து வந்த அம்மாவுக்கு, ஓய்வு பெற இன்னும் நான்கே மாதம் இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு மெமோ வாங்கியதில்லை. வாங்கியிருக்க வேண்டியது ஒன்று உண்டு. அது யாருக்கும் தெரியாது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், "உப்புப் படகு" என்ற நாவலின் கடைசிப் பதினாறு பக்கங்களை அவர் தன் கையாலேயே கிழித்தார்.

கலங்கரை விளக்கில் வேலை பார்க்கும் அப்பா ஒருநாள் காணாமல் போகிறார். பதினைந்து வயது மகள் உப்பு ஏற்றிய படகு ஒன்றைத் திருடிக்கொண்டு அவரைத் தேடிப் போகிறாள். இருநூற்றெட்டாம் பக்கத்தில் கடலெல்லாம் பனிமூட்டம். யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். "அவள் திரும்பிப் பார்த்தாள்." அதுவரை மூச்சுவிடாமல் படித்த நூலகர் அம்மா, அடுத்த பக்கத்தைப் புரட்டினார். கூப்பிட்டவர் பள்ளித் தலைமையாசிரியர். அப்பா காணாமல் போகவே இல்லை. அவருக்கு இடமாற்றம் வந்திருந்தது, உத்தரவின் நகல் வீட்டுக்கு வந்துசேரத் தாமதமாகிவிட்டது, அவ்வளவுதான். பெண் ஊர் திரும்பி எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டு, பரீட்சையில் தேறி, உப்புத் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்கிறாள். கடைசி வரி: "விதிமுறைகள் யாவும் நம் நன்மைக்கே என்பதை அவள் உணர்ந்தாள்."

அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார். சர்ரென்று கிழித்து, பீரோவின் மேல்தட்டில் விரித்திருந்த செய்தித்தாளுக்கு அடியில் தள்ளிவிட்டார். அன்றிலிருந்து அந்த நாவல் அலமாரியில் தங்கியதே இல்லை. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய், முதுகு பிய்ந்து, நான்கு தரம் ஒட்டுப் போட்டாகிவிட்டது.

படிவங்கள் வரத் தொடங்கின. முதல் படிவம் அம்மாவின் தம்பி மகளுடையது. பதினாறு வயது. புத்தகமோ மனிதரோ, எதைப் பற்றிக் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவாள் என்பதால் வீட்டில் அவளுக்குக் கறார் என்றே பெயர். அண்மை நூல்கள் பற்றி அவள் எழுதியிருந்தது:

"பதினொன்று படித்தேன். ஒன்பதில் முதல் பக்கத்திலேயே அம்மா செத்துப்போகிறாள். எழுதுகிறவர்களுக்கு அம்மாக்கள் மேல் என்ன கோபமோ தெரியவில்லை. கதாநாயகிக்கு என் வயதுதான், ஆனால் அவளுக்கு வீட்டுப்பாடம் கிடையாது. உலகத்தைக் காப்பாற்ற அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். அந்த நேரத்தில் பெரியவர்கள் எல்லாம் எங்கே போய்த் தொலைந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. இரண்டு பையன்களில் யாரைக் காதலிப்பது என்று முந்நூறு பக்கம் யோசிக்கிறாள். இரண்டு பேருமே வேண்டாம் என்று எனக்கு நாற்பதாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. எல்லாக் கதைக்கும் மூன்று பாகம். நடுப் பாகம் முழுக்க நடந்துகொண்டே இருக்கிறார்கள்."

பிடித்த நூல்: உப்புப் படகு. முடிவு: "கூப்பிட்டது அப்பா. ஆனால் அவர் திரும்பி வரமாட்டேன் என்கிறார். அவள் சரி என்கிறாள்."

"கடைசியில அப்படி ஒண்ணும் இல்லையேடி" என்றார் அம்மா, மெதுவாக.

"திரும்பிப் பார்த்தாள்னு இருக்குல்ல அத்தை? அப்புறம் வேற என்ன நடக்கும்?"

அந்த நாவலையே பிடித்த நூலாக நாற்பத்துமூன்று பேர் எழுதியிருந்தார்கள். நாற்பத்துமூன்று முடிவுகள். ஒன்றில் கூப்பிட்டது ஒரு நாய். ஒன்றில் அவளே பேய். ஒருவன் மட்டும் படகை மூழ்கடித்து எல்லாரையும் கொன்றுவிட்டான். அவனுக்கு மறுநாள் கணக்குப் பரீட்சை. மறைத்து வைக்கவும் வழியில்லை, மூன்று பிரதிகளாயிற்றே. அம்மா எல்லாவற்றையும் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டுத் தூக்கமில்லாமல் காத்திருந்தார்.

பத்தாம் நாள் ஆய்வாளர் மாடியேறி வந்தார். கக்கத்தில் கோப்பு, முகத்தில் துறையின் முழுக் கவலை. உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்தார்.

"அம்மா, ஒரு புத்தகத்துக்கு எத்தனை முடிவு இருக்கும்?"

"ஒண்ணு சார்."

"இங்க நாப்பத்துமூணு முடிவு இருக்கு. அப்போ நாப்பத்துமூணு புத்தகம் இருக்கணும். உங்க பதிவேட்டுல ஒண்ணுதான் இருக்கு. மிச்சம் நாப்பத்துரெண்டு எங்கே?"

"சார், புத்தகம் ஒண்ணுதான் சார்."

"அப்போ பிள்ளைங்க எழுதினது பொய்யா? பொய்னா நாப்பத்துமூணு பேர் உறுப்பினர் அட்டையையும் ரத்து பண்ணணும். உண்மைன்னா உங்க மேல நடவடிக்கை எடுக்கணும். ரெண்டுல எது வசதின்னு நீங்களே சொல்லிடுங்க."

சன்னலோரம் உட்கார்ந்திருந்த கறார் தலையை நீட்டினாள். "சார், நீங்க அந்தப் புத்தகத்தைப் படிச்சீங்களா?"

"நான் ஆய்வாளர்ம்மா. நான் எதுக்குப் படிக்கணும்?" என்றவர், ஆனாலும் ஆய்வு என்று ஒன்று இருக்கிறதே என்று புத்தகத்தை வாங்கிப் பக்கங்களை எண்ணினார். பதிவேட்டில் இருநூற்றிருபத்துநான்கு. கையில் இருநூற்றெட்டு. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நல்லவேளை! நாப்பத்துரெண்டு புத்தகம் காணாமப் போகலை, பதினாறு பக்கம்தான் காணாமப் போயிருக்கு. சின்னக் குற்றம்."

சேதத்தின் தன்மையை அறிக்கையில் குறிப்பிட வேண்டும் என்பதற்காக முதல் பத்தியைப் படித்தார். அப்போது மணி பதினொன்று. சாப்பாட்டு நேரம் வந்து போனது. கீழே குடிநீர் அலுவலகத்தில் இரண்டு சண்டைகள் நடந்து முடிந்தன. நான்கரை மணிக்கு ஆய்வாளர் நிமிர்ந்தார்.

"அப்புறம்?"

"அதான் சார் காணோம்" என்றார் அம்மா.

"கூப்பிட்டது அவளோட சித்திதானே?"

"சித்தியா? நடுக்கடலுக்குச் சித்தி எப்படி சார் வருவாங்க?" என்றாள் கறார்.

"ஏன் வரக் கூடாது? முப்பதாம் பக்கத்துல அவங்களுக்கு நீச்சல் தெரியும்னு வருதே!"

கால் மணி நேரம் இருவரும் மல்லுக்கட்டினார்கள். கடைசியில் ஆய்வாளருக்குத் தன் பதவி ஞாபகம் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒரு வாரம் அவகாசம். பதினாறு பக்கமும் வந்தாகணும். பக்கம் வந்துட்டா குற்றமே இல்லை. வரலைன்னா மெமோ. மெமோ இருந்தா ஓய்வூதியக் கோப்பு நகராது. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியாமல் என்ன! பீரோவை ஓர் உதை உதைத்து, செய்தித்தாளுக்கு அடியிலிருந்து எடுத்து, "இதோ, எலி இழுத்துப் போட்டிருக்கு சார்" என்று நீட்டினால் போதும். எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும். ஆனால் நாளையிலிருந்து அந்தப் பெண் உப்புத் துறையில் உட்கார்ந்து விதிமுறைகளை உணர ஆரம்பித்துவிடுவாள். அதை அம்மாவால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. ஆறு நாள் அந்த பீரோவைப் பார்ப்பதும் பெருமூச்சு விடுவதுமாக இருந்தார். ஏழாம் நாள் காலை பக்கங்களை எடுத்துத் தம்பி மகளின் கையில் கொடுத்தார்.

கறார் நின்றபடியே படித்து முடித்தாள். ஒரு பக்கம்கூடத் தாண்டவில்லை.

"யாரு அத்தை இதைக் கிழிச்சது?"

அம்மாவின் முகம் சிவந்தது.

"நீங்களா!" என்று அவள் அத்தையைக் கட்டிக்கொண்டாள். "கிழிச்சவங்கதான் இந்த நாவலை உண்மையா எழுதி முடிச்சவங்க. இதை மட்டும் அவங்ககிட்ட குடுத்துடாதீங்க."

கட்டிக்கொண்டதில் அம்மாவுக்கு இல்லாத தைரியமெல்லாம் வந்துவிட்டது. ஒரு தாள் எடுத்து எழுதினார்: "மேற்படி பக்கங்களைக் கிழித்தது நான்தான் எனப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். காரணம்: முடிவு சகிக்கவில்லை." மூன்று பிரதிகள். ஆதாரமில்லாத ஒப்புதலைத் துறை ஏற்காது என்பது விதி. ஆகவே வேறு வழியில்லாமல் அந்தப் பதினாறு பக்கங்களையும் இணைப்பாக வைத்தார். கோப்புக்குள் போனதை எவன் படிக்கப் போகிறான் என்ற நம்பிக்கைதான். முப்பத்தோரு வருஷம் துறையில் இருந்தவருக்கு அந்த நம்பிக்கை வந்தது நியாயம்தான்.

மெமோவுக்குக் காத்திருந்தவருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

நடந்தது இதுதான். தலைமை அலுவலகத்தில் துறை இயக்குநர் கணக்குப் பார்த்தார். மற்றக் கிளைகளில் ஒரு நாவலுக்கு ஒன்றரைப் படிவம். இந்தக் கிளையில் ஒரே நாவலுக்கு நாற்பத்துமூன்று. வித்தியாசம் என்ன? பதினாறு பக்கம் இல்லை. ஆகவே பதினாறு பக்கம் இல்லாவிட்டால் இளைஞர்கள் படிப்பார்கள். இதில் என்ன சந்தேகம்? "இளையோர் வாசிப்பு மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ், அனைத்து இளையோர் நாவல்களிலும் கடைசிப் பதினாறு பக்கங்கள் உடனடியாக அகற்றப்பட்டு, முத்திரையிட்ட உறைகளில் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பப்பட வேண்டும். முன்னோடி: கிளை நூலகர்."

கிழித்தார்கள். கிழிப்பதற்குத் தனிப் பிரிவு, தனி மேலாளர், இரண்டு வெட்டும் இயந்திரங்கள். எட்டே வாரத்தில் அதுவே நாகரிகமாகிவிட்டது. பிள்ளைகள் கிழிந்த ஓரம் தெரியும்படி புத்தகத்தைப் பிடித்துப் படம் எடுத்துப் போட்டார்கள். பதிப்பாளர்கள் முடிவு இல்லாமலே அச்சடித்து, விலையை மட்டும் குறைக்காமல் விற்றார்கள். "முடிவின் வன்முறையை மறுக்கும் எழுத்து" என்று விமர்சகர்கள் பாராட்டினார்கள். அவர்களுக்கும் படிக்க வேண்டிய பக்கம் குறைந்ததில் மகிழ்ச்சி.

"அத்தை, ரெண்டு பையனும் வேண்டாம்னு கடைசியில சொல்ற கதை ஒண்ணு வந்திருந்ததாம். ஒரே ஒரு கதை! அதோட முடிவையும் வெட்டிட்டாங்க" என்று கறார் வந்து அழுதாள். அம்மாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இதற்கிடையில் ஒன்பதாவது கேள்வி துறையைப் படாதபாடு படுத்தியது. ஆளுக்கொரு முடிவு எழுதினால் யார் சரிபார்ப்பது? "சீர்மை கருதி", மாதிரி முடிவு ஒன்று எல்லா நூல்களிலும் ஒட்டப்படும் என்று ஆணை வந்தது. புதிதாக எழுத நேரமில்லாததால், கோப்பில் தயாராக இருந்த பதினாறு பக்கங்களையே எடுத்து அச்சடித்தார்கள். விண்வெளிக் கதையோ, பேய்க் கதையோ, எதுவானாலும் கடைசியில் தலைமையாசிரியர் கூப்பிடுவார், இடமாற்ற உத்தரவு வந்துசேரும், கதாநாயகி உப்புத் துறையில் சேர்வாள். ஒன்பதாவது கேள்விக்கு இதையே எழுதினால்தான் உறுப்பினர் அட்டை புதுப்பிக்கப்படும். ஆறாயிரம் படிவங்கள் வந்தன, எழுத்து மாறாமல். இளைஞர்களிடையே கருத்தொற்றுமை மலர்ந்துவிட்டதாக இயக்குநர் கண்கலங்கினாராம்.

நூலகர் அம்மாவின் கடைசி வேலைநாள் வந்தது. ஆய்வாளர் ஒரு பரிசுப் பொட்டலத்தோடு மாடியேறினார். கறாரும் வந்திருந்தாள். பொட்டலத்தைப் பிரித்தால், உப்புப் படகு, புத்தம் புதுப் பதிப்பு. அம்மா நேரே இருநூற்றெட்டாம் பக்கத்துக்குப் போனார். "அவள் திரும்பிப் பார்த்தாள்." புரட்டினார். ஒன்பது வருஷம் பீரோவில் ஒளித்து வைத்த தலைமையாசிரியர், துறை முத்திரையோடு நின்றுகொண்டிருந்தார்.

அம்மாவின் கை தானாகவே அந்தப் பக்கங்களைப் பிடித்தது.

"அய்யய்யோ, கிழிச்சிடாதீங்கம்மா!" என்று ஆய்வாளர் பதறினார். "இப்போ அதுக்குத் தனிப் பிரிவு இருக்கு. விண்ணப்பம் குடுக்கணும். எனக்கே அந்தச் சித்தி விஷயம் மனசுல இருக்கு, ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே!" பையிலிருந்து படிவத்தையும் எடுத்துக் கொடுத்தார், நல்ல மனிதர். "நிரப்பிடுங்க. அப்படியே உங்க ஓய்வூதியக் கோப்போட சேர்த்து இன்னைக்கே மேல அனுப்பிடறேன்."

அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிரப்பினார். பெயர், வயது, கிழிக்க விரும்பும் பக்கங்கள், காரணம். ஒன்பதாவது கேள்விக்கு வந்ததும் பேனா நின்றது. "விண்ணப்பதாரர் நூலை முழுமையாகப் படித்துள்ளார் என்பதை உறுதிசெய்யும் பொருட்டு: கதை எப்படி முடிகிறது?"

தம்பி மகளை நிமிர்ந்து பார்த்தார். அவள் குனிந்து அத்தையின் காதோரம் சொன்னாள்.

"மாதிரியைப் பார்த்து அப்படியே எழுதிடுங்க அத்தை. நானும் போன வாரம் அதைத்தான் எழுதினேன்."

அம்மா எழுதினார். நீல மையில், நான்கு வரிகளுக்கு மிகாமல்.