ஐஸ் அண்ணாச்சி வீட்டுக்கு வந்த சம்பந்தம்

தென்காசி வட்டாரத்திலேயே நாள் முழுக்க ஐஸைத் தொட்டுக்கொண்டு நெருப்பாய் எரிந்து விழுந்த ஒரே மனிதர் எங்கள் தெரு ஐஸ் அண்ணாச்சிதான். சீசனில் குற்றாலத்து ஜூஸ் கடைகளுக்கெல்லாம் அவர்தான் ஐஸ் போடுவார். "அருவித் தண்ணி ஐஸ் மாரி இருக்கு" என்று சொன்ன ஒரு மதுரைக்காரரை, "ஐஸைக் கண்டிருக்கீராவே நீரு?" என்று ஐஸ் பாளத்தின் மேல் உட்காரவைக்க இழுத்தவர்.

மகளைப் பற்றிப் பேசினால் தொலைந்தோம். அவள் வடதுருவக் கடலில், பனியாறு வந்து இறங்கும் இடத்தில், கப்பலில் இருந்து தண்ணீரின் சூட்டையும் உப்பையும் அளக்கிறாள். "ஐஸ் உருகுததப் பாக்க அம்புட்டுத் தொலை போணுமா? அப்பன் கடையிலயே பாக்கலாமே!" என்று தெருவே இளித்தது. நானும் இளித்தேன், வெட்கக்கேடு. ஒரு மாதம் என்னோடு பேசவில்லை மனிதர்.

போன ஆனியில் சிவகிரியிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா மிக்சரை மென்றபடி, "பிள்ளை அந்த உப்புத்தண்ணி வேலைய விட்டுட்டு வரட்டும். ஐஸ் தானா உருகுது, தானா கடல்ல சேருது. அதுல அளக்க என்ன இருக்கு?" என்றார். எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணாச்சி விருட்டென்று எழுந்தார். ஒரு டம்ளரில் உப்புத்தண்ணீர், ஒன்றில் நல்ல தண்ணீர், இரண்டிலும் ஐஸ். "எது முந்திக் கரையும்?"

"உப்புதான்" என்றோம் எல்லோரும். நல்ல தண்ணீரில் போட்டதுதான் முதலில் கரைந்தது.

"உருகுன தண்ணி லேசுவே. உப்புத்தண்ணி மேல போர்வை கணக்கா கெடந்து ஐஸைக் காப்பாத்துது. இப்பப் பாரும்!" பெரியப்பா ஜாதகம் குறிக்க வைத்திருந்த பேனாவைப் பிடுங்கி, உப்புத்தண்ணீர் டம்ளரை மடமடவென்று கலக்கினார். மிச்ச ஐஸும் காணாமல் போயிற்று.

"எம்மவ இருக்க கடல்ல கலக்குததும் உருகுன தண்ணிதான். பனியாத்துக்கு அடியில பீச்சிக்கிட்டு மேல ஏறுது. ஏறும்போது ஆழத்துத் தண்ணியயும் இழுத்துட்டு வந்து ஐஸ் மேலயே அடிக்குது. நமக்கு அது குளிரு, ஐஸுக்கு அது வெந்நி! எம்புட்டு வெந்நின்னு எம்மவ அளந்து சொன்னாத்தான் ஒலகத்துக்குத் தெரியும். எந்திரியும்வே!"

பேனாவைக்கூட வாங்காமல் போனார்கள்.

"நல்ல சம்பந்தம், போச்சே அண்ணாச்சி" என்றேன்.

"போட்டும்லே."

கோபம் அடங்கிய பிறகு மெல்லக் கேட்டார்: "ஏலே, அங்கன எம்பிள்ளைக்கு ரொம்பக் குளிருமோ?"

காலம் பூராவும் ஐஸ் தூக்கி மரத்துப்போன கை அது. அதைப் பிடித்துக்கொண்டு, "குளிராது அண்ணாச்சி" என்று கூசாமல் பொய் சொன்னேன்.