ஆடியில் குடிபெயராத மின்னஞ்சல்

மனித குலம் இதுவரை கண்ட குடிபெயர்ச்சிகளில் தலையாயது எது என்று கேட்டால், நாகர்கோவில் 'கடலோரக் காப்புப் பிரிவு' அலுவலகத்தில் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். பழைய கம்ப்யூட்டரில் இருந்த மின்னஞ்சல்களும் நாட்காட்டியும் புதிய கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர்ந்தன. தூரம், அதே மேசையில் ஒரு முழம்.

இந்த மாபெரும் பொறுப்பைச் சுமந்தவர் கண்காணிப்பாளர் ரசலையன். கோட்டாற்றுக் கம்ப்யூட்டர் கடையிலிருந்து புதுப் பெட்டியைக் கொண்டுவந்த பிரபின், "அரை மணிக்கூர் வேல சார். டீ குடிச்சிட்டு வாறதுக்குள்ள மாத்தித் தந்திருவேன்" என்றதும் அவர் முகம் கறுத்துவிட்டது. அரசுத் தரவை டீ குடிக்கிற நேரத்தில் மாற்றுவதா! என்ன நெஞ்சழுத்தம்!

"லேய் மக்கா, இது என்ன மாசம்?"

"ஜூலை சார்."

"ஆடிடே! ஆடியில எவனாவது குடி மாறுவானா?"

"இது மெயிலுல்லா சார்?"

"மெயிலுண்ணா நல்ல நாள் பாக்காண்டாமா? ஒண்ணு காணாமப் போச்சுண்ணா நீயா பதில் சொல்லுவே?"

ரசலையன் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்தான். ஆனாலும் தாமதம் என்பது எல்லா மதத்துக்கும் பொது என்று நம்பிய பெருந்தன்மையாளர். கட்டிய மூட்டையை அவிழ்த்தால் ஏதாவது குறைந்துவிடும் என்பதால் பழைய பெட்டியைத் திறக்கக்கூடாது என்று உத்தரவு போட்டார். புதுப் பெட்டியில் ஒன்றும் இல்லை. ஆகவே அலுவலகம் ஆடி முழுக்க, மிகுந்த மன வேதனையுடன், சும்மா இருந்தது.

அந்த வாரமே கடியப்பட்டணத்திலிருந்து மீன் விற்கும் தேவகனி வந்தாள். கையால் எழுதிக் கொண்டுவந்த மனுவை, இது 'காகிதமில்லா அலுவலகம்' என்று முன்பே திருப்பி அனுப்பியிருந்தார்கள். பிறகு மகள் லிஜாவை வைத்து மெயில் போட்டிருந்தாள். கடல் வீட்டுப் பின்சுவர்வரை வந்துவிட்டது, நாலு லோடு கல்லாவது போடுங்கள் என்பதுதான் சங்கதி.

"எனக்க மெயிலு கிட்டிச்சா சாரே?"

"கிட்டியிருக்கும்மா. பழைய பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கு."

"வாசிச்சியளா?"

"மூட்டை கட்டியாச்சே! ஆடி கழியட்டும்."

"ஆடியிலதானே சாரே கடலு அடிக்கும்? ஆவணியில கல்லு என்னத்துக்கு?"

விதிமுறை அறியாத இப்படிப்பட்ட ஜனங்களை வைத்துக்கொண்டு ஓர் அரசாங்கம் என்னதான் செய்யும், பாவம்! ரசலையன் பொறுமையின் சிகரமாக, "போயிட்டு வாம்மா" என்றார்.

ஆவணி பிறந்தது. நல்ல முகூர்த்தத்தில் வாசலில் வாழை கட்டி, புதுப் பெட்டிக்கு மாலை போட்டு, மேசையோரம் ஸ்டவ் வைத்துப் பால் காய்ச்சினார்கள். பால் பொங்கியதும் பிரபின் பென் டிரைவைச் செருகினான். சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ரசலையன் கண்ணை மூடி ஜெபித்தார். அரை மணிக்கூரில் எல்லாம் வந்து சேர்ந்தது. நாட்காட்டி வந்ததும் வராததுமாக மணியடித்து, 'கடியப்பட்டணம் கடலரிப்பு: நேரடி ஆய்வு' என்று காட்டியது. அதற்கு முன்பே குறித்திருந்த நாள், இப்போது கழிந்த அதே ஆடியில் ஒன்று.

"பாத்தியாலே, பழைய ஞாபகம்கூட அப்படியே வந்திருக்கு!" என்று பூரித்துப்போய் அதை மூடினார் ரசலையன்.

எல்லாரும் பாயசம் குடித்துக்கொண்டிருக்கையில் தேவகனி வந்து நின்றாள், கூடவே லிஜா.

"வாம்மா, நல்ல நேரத்துல வந்தே. இன்னா பாரு, உனக்க மெயிலு!" அவர் திரையைத் திருப்பிக் காட்டினார்.

லிஜா எட்டிப் பார்த்தாள். "அம்மா, எழுத்து தடிச்சுக் கெடக்கு. இன்னும் திறக்கவே இல்ல."

"அதாக்கும் வேலை! திறக்காதது திறக்காதபடியே வந்திருக்கு. ஒரு புள்ளி மாறல்ல." ரசலையனுக்குக் கண் கலங்கிவிட்டது. "சரி, இப்பம் திறக்கேன். வீடு எங்கனம்மா இருக்கு?"

"கடல்ல" என்றாள் தேவகனி. "ஆடி பாதியில கொண்டுபோச்சு. நாங்க பள்ளிக்கூடத்துல கெடக்கோம்."

யாரோ டம்ளரைக் கீழே வைத்தார்கள். ரசலையனோ கடமை அழைக்கவே, புதுப் பெட்டியில் மேலிடத்துக்கு முதல் மெயிலை அடிக்கத் தொடங்கினார்.

"என்ன எழுதுகாரு மக்கா?" என்று கேட்டாள் தேவகனி.

லிஜா வாசித்தாள்: "'அனைத்தும் பத்திரமாக வந்து சேர்ந்தன. இழப்பு ஏதுமில்லை.'"

தேவகனி மேசைக்குப் பக்கத்தில் வந்து கையை நீட்டினாள்.

"ஒண்ணும் போகல்லியா? அப்பம் எனக்க வீட்ட எடுத்துத் தாருங்க சாரே."