சஹனில் நாலாவது இடம்

மூன்று பக்கம் கடலும், நாலாவது பக்கம் கடல் எப்போது வருமோ என்ற யோசனையும் சூழ்ந்த நாடு ஒன்று இருந்தது. அதன் பெயர் அம்பர்முனை. அங்கே யாரும் தனியாகச் சாப்பிட்டதில்லை.

கல்யாணமோ கந்தூரியோ, தரையில் வெள்ளைத் துணி விரித்து, சஹன் என்னும் அகன்ற தட்டில் சோற்றைக் குவித்து வைப்பார்கள். நாலு பேர் சுற்றி உட்காருவார்கள். மூன்று பேர்தான் இருக்கிறார்கள் என்றால், நாலாவது ஆள் வரும்வரை யாரும் சோற்றில் கை வைக்க மாட்டார்கள். கப்பலில் வந்த அந்நியனையும் சண்டை போட்டுக்கொண்டு போன மச்சானையும் கையைப் பிடித்து உட்காரவைப்பார்கள். கறித்துண்டை ஒருவர் பக்கம் ஒருவர் தள்ளிவிட்டே பல பகைகள் அங்கே முடிந்திருக்கின்றன.

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மக்கள் சுல்தானைத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்தலுக்கு முந்தைய நாள் சுல்தான் ஊருக்கு விருந்து வைக்க வேண்டும். விருந்தைச் சமைத்த அரண்மனைப் பண்டாரியோடு ஒரே சஹனில் அமர்ந்து அவர் முதல் கவளம் உண்பார். சோற்றில் குற்றமில்லை என்பதற்கு அதுவே சாட்சி. பிறகுதான் மற்றவர்கள் உண்ணலாம். விருந்தில்லாமல் தேர்தல் செல்லாது.

அப்போதைய சுல்தான், வீட்டுக்கு வீடு நல்ல தண்ணீர் தருவதாகச் சொல்லிப் பதவிக்கு வந்தவர். கிணறுகள் உப்பாகிக்கொண்டே போயின. நாலு வருடம் கழிந்தும் குழாய் வரவில்லை. "தண்ணீர் எங்கே?" என்று மக்கள் கேட்கத் தொடங்கினார்கள். மந்திரி ஜலாலுத்தீன் ஒரு யோசனையோடு அரண்மனைக்கு வந்தார்.

"மேன்மை தங்கிய சுல்தான் அவர்களே, நாட்டில் தண்ணீரைவிட மானம்தான் குறைவாக இருக்கிறது. ஒரு வீட்டின் மானம் அந்த வீட்டுக்கு மட்டும் சொந்தமானதல்ல. அது அரசாங்கச் சொத்து."

"அதையும் குழாயில் அனுப்ப வேண்டுமா?" என்றார் சுல்தான் கவலையுடன்.

"தேவையில்லை. குறைந்துவிட்டது என்று அறிவித்தால் போதும். மக்களே தேடத் தொடங்கிவிடுவார்கள்."

அவர்கள் தேடிக் கண்டுபிடித்த முதல் வீடு அரண்மனைப் பண்டாரி நெய்னாவுடையது. அவர் மகன் இல்யாஸ் கலங்கரை விளக்கத்தில் வேலை பார்த்தான். முப்பது வயதில் பெண் பார்க்கத் தொடங்கியபோது வாப்பாவிடம் சொன்னான்:

"ஒரு பொண்ணோட வாழ்க்கையைக் கெடுக்க எனக்கு மனசில்ல வாப்பா. எனக்குப் பொண்ணுங்க மேல ஆசை வந்ததே இல்ல. முத்தலிப்போடதான் இருப்பேன். வேற யார்கிட்டயாவது பொய் சொல்லியிருப்பேன். உங்ககிட்ட முடியல."

முத்தலிப் துறைமுகத்தில் கப்பல் பாய் தைப்பவன். நெய்னா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருடத்தில் முதல்முறையாக அன்று அவர் சோறு அடிப்பிடித்தது. இல்யாஸின் உம்மா ரஹ்மத்தும்மா, "ஊர்ல நான் எப்படித் தலைகாட்டுவேன்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதன்பின் மகனோடு பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். பெண் பார்ப்பது ஏன் நின்றது என்று ஊர் துருவிக் கேட்டு, விடையையும் தெரிந்துகொண்டது.

முதல் ஆணை வந்தது. இத்தகைய ஆசையால் வீட்டு மானத்தைக் குறைத்தவர்கள் சஹனில் அமரக்கூடாது. "யாரையும் தண்டிக்கவில்லை, தட்டுகளைத்தான் ஒழுங்குபடுத்துகிறோம்" என்று மந்திரி விளக்கினார். பள்ளிவாசலில் இதைப் படிக்கச் சொன்னபோது இமாம், "சாப்பிட உட்கார்ந்தவனை எழுப்பிவிட எனக்கு யாரும் ஓதிக்கொடுக்கவில்லை" என்றார். மறு வாரம் அவர் உடல்நலக் குறைவால் ஓய்வு பெற்றார். அந்தக் குறைவு அவருக்கே அறிவிப்பைப் படித்துத்தான் தெரிந்தது.

இரண்டாவது ஆணை, குடும்பத்தாரும் அமரக்கூடாது என்றது. மூன்றாவது, அவர்களோடு எப்போதாவது ஒரே சஹனில் உண்டவர்களையும் சேர்த்துக்கொண்டது. நாலாவது, தெரிந்தும் தெரிவிக்காதவர்களை விலக்கியது. தெரிவித்தவர்களிடம், உனக்கு எப்படித் தெரியும் என்று விசாரித்து அவர்களையும் விலக்கினார்கள்.

ஆளுக்கொரு தட்டு அம்பர்முனையில் இருந்ததில்லை. மக்கள் பானை மூடிகளில் சாப்பிட்டார்கள். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை முற்றத்திலும் அவருடைய வாப்பா தெருமுனையிலும் உண்டார்கள். சாவு விழுந்த மையித்து வீட்டுக்குப் பக்கத்து வீட்டார் அனுப்பிய கஞ்சி வாசலிலேயே புளித்தது. தீர்த்துவைக்கத் தட்டு இல்லாததால் பழைய சண்டைகள் திரும்ப வந்தன. ஆனால் யாரும் தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை. ஆணைகள் நல்ல பலன் தந்ததாக மந்திரி எழுதிவைத்தார்.

தேர்தல் விருந்து நெருங்கியபோதுதான் அரண்மனைக்கு முதல் கவளம் நினைவு வந்தது. சுல்தான் பண்டாரியோடு அமர வேண்டும். பண்டாரியோ விலக்கப்பட்டவர். வேறு பண்டாரியைத் தேடினார்கள். நாட்டின் எல்லாப் பண்டாரிகளும் நெய்னாவின் சஹனில் சாப்பிட்டே தொழில் கற்றிருந்தார்கள்.

மந்திரியே சமையற்கட்டுக்கு வந்தார். "ஒரே ஒரு வாக்கியம், பண்டாரி. 'இவன் என் மகனல்ல' என்று விருந்தில் சொல்லுங்கள். மாலைக்குள் உங்கள் வீட்டு மானம் வீடு தேடி வரும்."

"தண்ணி வந்த மாதிரியா?" என்றார் நெய்னா.

மந்திரியின் காதில் அது விழவில்லை. "சொல்லாவிட்டால் உங்கள் மகனையும் அந்தப் பாய் தைப்பவனையும் படகில் ஏற்றி நாட்டைவிட்டு அனுப்பிவிடுவோம். படகுக்காரர்கள் விருந்திலேயே தயாராக இருப்பார்கள்."

விருந்து நாள் வந்தது. மைதானம் முழுக்க ஆளுக்கொரு மூடியோடு, எட்டாத தூரத்தில் மக்கள் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைத் திரைக்கு அப்பால் பெண்கள். துடுப்புகளோடு இரண்டு படகுக்காரர்கள். மந்திரி, "பண்டாரி இப்போது பேசுவார்" என்று அறிவித்தார்.

நெய்னா பழைய சஹனைத் தூக்கிவந்து நடுவில் வைத்தார். சோற்றிலிருந்து ஆவி எழுந்தது.

"நான் அஞ்சு வேளை தொழுவுறவன்" என்றார். "எனக்குப் புரியாத விஷயம் நிறைய இருக்கு. இவன் என் புள்ளைங்கிறது அதுல ஒண்ணு இல்ல. இல்யாஸ், வந்து உக்காரு. முத்தலிப், நீயும் வா வாப்பா."

முத்தலிப் தயங்கினான். "வேணாம் மாமா. உங்க பேரு கெட்டுப்போயிரும்."

"நாப்பது வருசமா அடுப்புப் பக்கத்துல நிக்கிறேன். கறுக்குறதுக்கு இனிமே என்ன இருக்கு? உக்காரு."

மூன்று பேர் உட்கார்ந்தார்கள். நாலாவது இடம் காலியாக இருந்தது. மூவரும் சோற்றில் கை வைக்காமல் காத்திருந்தார்கள். முழு மைதானமும் காத்திருந்தது.

சுல்தான் மந்திரியைப் பார்த்தார். மந்திரி, "ஒரு குழு அமைக்கலாம்" என்றார். சுல்தானுக்குப் பசி. தேர்தலும் மறுநாள். அவர் மேடையிலிருந்து இறங்கிவந்து, கை கழுவத் தண்ணீர் ஊற்றும்படி கையை நீட்டினார். சேவகன் குவளையைச் சாய்த்தான். ஒன்றும் விழவில்லை. அரண்மனைக் கிணறும் அன்று காலையில் வற்றியிருந்தது.

அப்போது திரை விலகியது. ரஹ்மத்தும்மா ஒரு செம்புத் தண்ணீரோடு ஆண்களின் வரிசைகளுக்கு நடுவே நடந்துவந்தார். சுல்தானுக்குத்தான் கொண்டுவருகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். சுல்தானும் நினைத்தார். ரஹ்மத்தும்மா அவரைக் கடந்து போய் மகனுக்கு முன் நின்றார். இல்யாஸ் கையை நீட்டினான். உம்மா ஊற்றினார். பிறகு முத்தலிப் பக்கம் திரும்பினார்.

"நீட்டு. ஊசி குத்திக் குத்திக் கை எப்படி ஆகியிருக்கு பாரு. தேங்காயெண்ணெய் தடவ மாட்டியா?"

ஏழு மாதத்தில் மகன் காதுபட அவர் பேசிய முதல் பேச்சு அது. கடைசித் தண்ணீரைக் கணவர் கையிலும் தன் கையிலும் ஊற்றிக்கொண்டு நாலாவது இடத்தில் உட்கார்ந்தார். "பிஸ்மி சொல்லுங்க. சோறு ஆறுது."

நால்வரும் சாப்பிட்டார்கள். சற்று நேரம் கழித்து, படகுக்காரர் இருவரும் துடுப்புகளைக் கீழே போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்த கிழவரின் மூடிக்கு எதிரே போய் உட்கார்ந்தார்கள். கிழவர், "இன்னும் ஒரு ஆளு வாங்கப்பா" என்று கூப்பிட்டார்.

மைதானத்தில் மூடிகள் இடம் மாறும் சத்தம் எழுந்தது. அதற்கு நடுவே சுல்தான், நீட்டிய கையோடு மந்திரியிடம் கேட்டார்:

"தண்ணீர் எங்கே?"