நரித் தரகரும் முனியப்பன் கரட்டுப் பொட்டலமும்

பல்கலைக்கழகத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு நரிகளுக்குச் சம்பந்தம் விசாரித்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் ராசிபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் பதினோரு மாதம் குடியிருந்தார். ஊரில் அவர் பேர் நரித் தரகர்.

பதவியின் பேர் பெரிது. நிலவமைப்பு மரபியலில் வருகைதரு பேராசிரியர். வாரத்தில் இரண்டு நாள் பாடம், மற்ற நாளெல்லாம் ஆராய்ச்சி. நான் எட்டாவது வரை படித்தவள். அப்படியென்றால் என்ன வேலை என்று கேட்டேன்.

திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அந்தப் பேச்சிலேயே சொன்னார். "நாலு வழி ரோட்டுக்குக் கிழக்க வங்காநரி இருக்குல்லாக்கா? மேக்கயும் இருக்காம். அதுக ரெண்டும் இன்னும் பொண்ணு கொண்டு குடுத்து இருக்கா, இல்ல ரோடு பிரிச்சுட்டான்னு பாக்கணும்."

"நரிகிட்டயே கேப்பீங்களா சார்?"

"அது போடுற விட்டை சொல்லும்க்கா. அதுல அப்பன், ஆத்தா, பாட்டன் எல்லாம் இருக்கு."

"அப்பக் கல்யாணத் தரகருங்களா!" என்றார் என் வீட்டுக்காரர். லாரி ஓட்டுகிறவர். அவர் பேர் வைத்தால் தார்ப்பாய்க் கயிறு மாதிரி, கட்டினது அவிழாது.

தரகர் மனிதர்களையும் விடமாட்டார். பால் ஊற்ற வரும் அக்காவை வாசலில் நிறுத்தி, "ஒங்களை எந்த ஊர்ல இருந்து கட்டிக் குடுத்தாவ? நடுவுல ஆறு உண்டா? பாலம் கட்டுறதுக்கு முன்னால அங்கேருந்து பொண்ணு எடுத்தாவளா?" என்று கேட்பார். அந்த அக்கா என்னிடம் வந்து, "ஏனுங்க, இந்தாளு எனக்கு ரெண்டாவது மாப்பிள்ளை பாக்கறானா?" என்றது.

ஒருநாள் கையில் ஏதோ கருவியை வைத்துக்கொண்டு ரோட்டோர மானாவாரிக் காட்டில் குனிந்து குனிந்து நடந்திருக்கிறார். ரோட்டை அகலமாக்க நிலம் அளக்க வந்த ஆள் என்று நினைத்து ஊரே கூடிவிட்டது. பெண்கள் விளக்குமாறோடு வந்தார்கள்.

"யாருய்யா நீ? எங்க காட்டுல என்ன அளக்கறே?"

"அளக்கலைங்க. நரி விட்டை பொறுக்குதேன்."

விளக்குமாறுகள் கீழே இறங்கின. கடைசியில் ஒரு பெரியவர், "பொய் சொல்றவன் இதைவிட நல்லதாச் சொல்லுவான். உடுங்கப்பா" என்றார். அதற்குப் பிறகு அந்த ஊர்க்காரர்களே விட்டை கிடக்கிற இடத்தைப் போன் போட்டுச் சொன்னார்கள்.

ஆனால் கிடைத்ததெல்லாம் கிழக்குப் பக்கத்து நரியின் விட்டைதான். எட்டு மாதம் அலைந்தும் மேற்கே ஒன்றுமில்லை. வருஷம் முடிவதற்குள் கிடைக்காவிட்டால் வெறுங்கையோடு போகவேண்டியதுதான் என்று அவர் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

ஒரு விடியற்காலையில் மேற்கே முனியப்பன் கோயில் இருக்கிற சின்னக் குன்றுக்கு, முனியப்பன் கரட்டுக்கு, கிளம்பினார். "சார், அங்க போனா எனக்குத் திருநீறு வாங்கிட்டு வாங்க" என்றேன். தலையை ஆட்டினார்.

மறுநாள் மாடிப்படி ஜன்னலில் ஒரு காகிதப் பொட்டலம். பூசாரி மடிப்பது மாதிரியே மடித்து, மேலே 'முனியப்பன் கரடு' என்று எழுதியிருந்தது. சொன்ன வார்த்தையைக் காப்பாற்றிவிட்டாரே! கண்ணில் ஒற்றிக்கொண்டேன். வீட்டுக்காரர் நாக்பூருக்கு லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். கேபினில் சாமி படத்துக்குக் கீழே வைத்து அனுப்பினேன்.

இரண்டு நாள் பாடம் நடத்திவிட்டுத் தரகர் வந்தார்.

"அக்கா, ஜன்னல்ல காயப் போட்டிருந்த பொட்டலத்தைப் பாத்தியளா? மேக்குப் பக்கம் கெடைச்சது அது ஒண்ணுதான்."

அவர் முன்னாலேயே போன் போட்டேன்.

"ஏனுங்க, பொட்டலத்தைப் பிரிச்சீங்களா?"

"இன்னும் இல்ல. ஐதராபாத் தாண்டிட்டேன். இப்பக் குளிச்சுட்டுப் பூசிக்கலாம்னு..."

"பூசாதீங்க! அது நரி விட்டை!"

"அடிப்பாவி, ரெண்டு நாளா அதைக் கும்பிட்டுட்டுல்ல வண்டியெடுக்கறேன்!"

தரகர் போனைப் பிடுங்கிக் கத்தினார். "அண்ணே, தூக்கிப் போட்டுராதிய! ஈரம் படாமப் பாத்துக்கிடுங்க!"

என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திருநீறு வாங்க மறந்தது தன் தப்பு என்றார். ஆனால் சோறு இறங்கவில்லை. லாரி எங்கே வருகிறது என்று மணிக்கொரு தரம் கேட்டார். நான் முனியப்பனுக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டேன். நரிக்காக வேண்டலாமா என்று யோசித்தேன். அதையும் படைத்தது அவன்தானே?

ஒன்பதாம் நாள் லாரி வந்தது. வீட்டுக்காரர் பொட்டலத்தை வெற்றிலையில் வைத்துக் கொண்டுவந்து நீட்டினார். "இந்தாங்க சாமி. ஊரு உலகத்துல எந்த நரியும் இவ்வளவு தூரம் போயிருக்காது." தரகர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

சோதனை முடிய ஒன்றரை மாதம் ஆனது. ஒருநாள் படியில் தடதடவென்று இறங்கி வந்தார். "அக்கா, சம்பந்தம் உண்டு! மேக்க கெடைச்சது கிழக்கு நரியோட புள்ளதான். ரோட்டுக்கு அடியில ஓடைப் பாலம் இருக்குல்லா, அது வழியாத்தான் போயிருக்கணும்!" நெய் விட்டுப் பொங்கல் வைத்தேன். தெருவே சாப்பிட்டது, எதற்கென்று தெரியாமல்.

தவணை முடிந்து அவர் போய்விட்டார். என் வீட்டுக்காரர் இப்போதெல்லாம் அந்தப் பாலத்தின்மேல் ஹாரன் அடிப்பதில்லை. கேட்டால், "சம்பந்தி ஊடு" என்கிறார்.

போகிற அன்றைக்குத் தரகர் விடிகாலையிலேயே கரட்டுக்குப் போய் வந்து என் கையில் ஒரு பொட்டலம் கொடுத்தார். மேலே அவர் கையெழுத்து: 'முனியப்பன் கரடு. திருநீறுதான். நானே பரிசோதித்தது.'

லாரியில் சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது. இன்னும் பிரிக்க மனசு வரவில்லை.