நூறாவது பதில்

"ஏலே, பஸ் போனாப் போவுது. இதை நிரப்பிட்டுப் போலே!"

வணிகவியல் பேராசிரியர் கிளைட்டன், மாணவன் செல்லப்பாண்டியின் பையைப் பிடித்துத் துறைக் கணினி முன்னால் உட்கார வைத்தார். மணி நாலு பத்து. கணக்கியல் மாணவர்களின் தொழில்நுட்பத் தயார்நிலையும் மதிப்பெண்ணும் பற்றிய அவருடைய ஆய்வுக்கு நூறு மாணவர்களின் பதில்கள் ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். தவறினால் பிஎச்.டி. பதிவு ரத்து. ஆன்லைன் படிவத்தில் சேர்ந்திருந்தது தொண்ணூற்றொன்பது.

'தயாராக இருப்பவர்களே அதிக மதிப்பெண் எடுக்கிறார்கள்' என்ற முடிவுரையைப் போன மாதமே எழுதிவிட்டார்.

"காலேஜ் மெயிலத் தொற."

"பாஸ்வேர்டு தெரியாது சார். சந்தனமாரிக்குத்தான் தெரியும்."

"ஒன் பாஸ்வேர்டு அவளுக்கு எப்படில?"

"கிளாஸுல எல்லாரோடதும் அவகிட்டதான் சார் இருக்கு. நாங்க மறந்துருவோம்லா."

போனில் கேட்டு வாங்கினான். படிவம் திறந்தது. 'நீங்கள் ஏற்கெனவே பதிலளித்துவிட்டீர்கள்.'

"மாதா சத்தியமா நான் நிரப்பல சார்!"

"நீ எப்பம்ல சர்ச்சுக்குப் போன? தள்ளு. இது படிவத்துக் கோளாறு."

ஒருவருக்கு ஒரு பதில் என்ற கட்டுப்பாட்டை நீக்கக் கிளைட்டன் அமைப்புகளுக்குள் நுழைந்தார். 'எல்லாவற்றையும் நீக்கவா?' என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினார்.

பதில்கள்: 0.



"சந்தனமாரியக் கூப்பிடட்டா சார்?"

"மூணு அரியர் வச்சிருக்க பிள்ளைக்கு இதுல என்னல தெரியும்?" என்றவர், கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, கூப்பிடு."

நாலே முக்காலுக்குச் சந்தனமாரி வந்தாள். விவரம் கேட்கவில்லை. பையிலிருந்து பென்டிரைவை எடுத்துச் சொருகி, எதையோ தட்டினாள். எண் ஏறத் தொடங்கியது. பன்னிரண்டு. நாற்பது. எண்பத்தெட்டு. நூறில் நின்றது.

கிளைட்டன் அனுப்பும் பொத்தானை அழுத்தினார். நாலு ஐம்பத்தெட்டு. சேர்ந்துவிட்டதாகப் பதில் வந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"ஏளா, அழிஞ்சத எப்படி மீட்ட?"

"மீட்கல்லாம் இல்ல சார். போன வாரம் தொண்ணூத்தொம்பது பேருக்கும் நான்தான போட்டேன், என்னோடத மறந்துட்டேன். இன்னைக்கு அதையும் சேத்துப் போட்டாச்சு."