வலது பெடலில் ஒரு டிக்

பந்தயம் தொடங்க இருபது நிமிடம் இருக்கும்போது எக்ஸ்ரேக்காரரின் சைக்கிளில் டிக் என்று ஒரு சத்தம் வந்தது.

வலது பெடல் ஒரு சுற்று சுற்றினால் ஒரு டிக். இறங்கி, பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெடலைக் கையால் சுற்றினார். சத்தம் இல்லை. ஏறி மிதித்தார். டிக். அணித் தலைவரான ஆம்புலன்ஸ் டிரைவரை ஏற்றி ஒரு வட்டம் அடித்து வரச் சொன்னார். சைக்கிள் பூனை மாதிரி போய்ப் பூனை மாதிரி திரும்பி வந்தது.

"இதுல ஒண்ணும் இல்லையே, எக்ஸ்ரே சார்."

"நான் ஏறினா வருதுண்ணே."

"அப்ப சைக்கிள்ல இல்ல. உங்ககிட்டதான் இருக்கு."

பத்தொன்பது வருடமாக அடுத்தவர்களின் எலும்பில் மயிரிழை விரிசலைக்கூடக் கண்டுபிடித்துக் கொடுத்தவருக்கு, வெட்டவெளியில் நிற்கிற ஒரு சைக்கிளின் கோளாறு பிடிபடவில்லை. அப்படியே விட்டுவிடவும் முடியாது. காரணம் இருந்தது.

இது நான்கு பேர் சேர்ந்து ஓட்டுகிற அணிப் பந்தயம். போக பதினைந்து கிலோமீட்டர், வர பதினைந்து. முதல் ஆள் எப்போது வந்தார் என்பது கணக்கே இல்லை. அணியின் மூன்றாவது ஆளின் முன்சக்கரம் கோட்டைத் தொடும்போதுதான் கடிகாரத்தை நிறுத்துவார்கள். நான்கில் ஒருவர் கழன்றுகொள்ளலாம், இருவர் கழன்றால் அணியே இல்லை. போன வருடம் இவர்களுடைய மருத்துவமனை அணி வெகு வேகமாக வந்து கோட்டைத் தாண்டிக் கைதூக்கியது. திரும்பிப் பார்த்தால் இரண்டு பேர்தான். மருந்தாளுநர் வழியில் நின்றுவிட்டது எல்லாருக்கும் தெரியும். எக்ஸ்ரேக்காரர் எங்கே விட்டுப்போனார் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. அரைமணி கழித்து அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

இந்த வருடம் அவரைச் சேர்க்கத் தலைவருக்கு மனமே இல்லை. மூன்று மாதம் நச்சரித்த பிறகு ஒரு நிபந்தனை போட்டார். இந்தத் தடவையும் பின்னால் விட்டுவிட்டால், அடுத்த வருடத்திலிருந்து எக்ஸ்ரேக்காரருக்குப் பந்தயம் இல்லை, வழியில் தண்ணீர் கொடுக்கிற தண்ணீர் மேசைதான்.

அப்படிப்பட்ட நாளில் இப்படி ஒரு டிக். தலைவர் எரிச்சலாவதற்குள் அதை அடக்கிவிட வேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

முதல் சந்தேகம் சீட்டின் மேல். தான் உட்கார்ந்தால்தானே வருகிறது? சீட்டுக் கம்பியை உருவி, நிறைய எண்ணெய் பூசி, திரும்பச் சொருகி முடுக்கினார்.

அந்தக் கம்பி கீழே இறங்காமல் நிற்பது உராய்வினால். எண்ணெயின் வேலை உராய்வைக் குறைப்பது. இது அவருக்கு மூன்றாவது கிலோமீட்டரில் விளங்கியது. ஒவ்வொரு குழியிலும் சீட்டு ஒரு விரல் அளவு இறங்க, முழங்கால் தாடையை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

டிக்.

வெயில் நாற்பத்து மூன்று டிகிரி. தார் இளகி, டயர் அதில் ஒட்டி ஒட்டி உரிந்து சுற்றியது. முன்னால் தலைவர், அடுத்து மருத்துவமனை எலக்ட்ரீஷியன், பிறகு மருந்தாளுநர், கடைசியில் இவர். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்து வழி செய்துகொடுப்பார். அவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். ஆனால் முன்சக்கரத்துக்கும் அடுத்தவரின் பின்சக்கரத்துக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருக்க வேண்டும். அதனால் யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. தலை திரும்பினால் கைப்பிடியும் திரும்பும், பிறகு எல்லாரும் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும், அங்கே எக்ஸ்ரே எடுக்க ஆள் இருக்காது.

மற்ற அணிகள் முறை வைத்து முன்னால் போகும். இந்த அணியில் அந்த வழக்கம் இல்லை. ஆம்புலன்ஸ் ஓட்டிப் பழகிய தலைவருக்கு இன்னொருவர் பின்னால் போகத் தெரியாது.

டிக். டிக்.

இரண்டாவது சந்தேகம் தண்ணீர் பாட்டில் மாட்டும் கூண்டின் மேல். பாட்டிலை உருவிச் சட்டையின் பின்பைக்குள் போட்டார். அடுத்த குழியில் அது துள்ளிப் பள்ளத்துக்குள் போயிற்று. சத்தம் மட்டும் அவருடனேயே வந்தது.

மூன்றாவது சந்தேகம் வலது பெடலின் மேல். வலது காலைச் சும்மா வைத்துக்கொண்டு இடது காலால் மட்டும் அழுத்தினார். இரண்டு கிலோமீட்டரில் இடது கெண்டைக்கால் சுருட்டிக்கொண்டது. இதற்கிடையே மருந்தாளுநர் ஒரு மரத்தைப் பார்த்தார், யாரிடமும் சொல்லாமல் அதன் நிழலுக்குள் திரும்பி உட்கார்ந்துவிட்டார். இனி இவர்தான் மூன்றாவது ஆள். கடிகாரம் இவருக்காகத்தான் காத்திருக்கும்.

பதினைந்தாவது கிலோமீட்டரில் திரும்பும் இடம். அங்கே ஒரு நிமிடம் நின்று தண்ணீர் குடிக்கலாம். தண்ணீர் மேசையில் அவருடைய மனைவி நின்றிருந்தாள். குவளையை நீட்டியவள், அவர் சீட்டைப் பார்த்தாள்.

"என்னங்க இது, குழந்தை சைக்கிள் மாதிரி?"

அவர் அதை விட்டுவிட்டு டிக்கைப் பற்றிச் சொன்னார். பெடலில் காலை வைத்தபடியே நகர்த்தியும் காட்டினார். அவள் குனிந்து பார்த்தாள்.

"நேத்து நான் மாட்டின ஷூ லேஸ்ங்க. நீளமாத் தொங்குது. நுனியில இருக்கிற பிளாஸ்டிக் ஒவ்வொரு சுத்துக்கும் இரும்புல போய் இடிக்குது பாருங்க."

சும்மா சுற்றியபோதும் தலைவர் ஓட்டியபோதும் சத்தம் வராத மர்மம் உடைந்தது. அவரோடு சேர்ந்துதான் அந்த ஷூவும் ஏறியது. அவர் லேஸின் நுனியை ஷூவுக்குள் அழுத்திச் சொருகினார். சீட்டை ஏற்றலாம் என்று குனிவதற்குள் தலைவர் புறப்பட்டுவிட்டார்.

சத்தம் போயே போய்விட்டது. கெண்டைக்கால் வலியிலும் எக்ஸ்ரேக்காரருக்கு நிம்மதியாக இருந்தது. தலைவரின் எரிச்சலுக்கு இனி இடமில்லை.

ஆனால் திரும்பும் வழியின் இரண்டாவது கிலோமீட்டரிலேயே தலைவர் வேகத்தைக் குறைத்தார். பிறகு கூட்டினார். திரும்பவும் குறைத்தார். வெயில் தலைக்கு ஏறிவிட்டதோ என்று இவர் பயந்தார். தலைவர் முன்னால் பார்த்தபடியே ஏதோ கத்தினார். காற்றில் பாதிதான் காதில் விழுந்தது, தொனி திட்டுவது போல இருந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பாட்டில் பள்ளத்தில் கிடந்தது. அவர் பணிவாகத் தலையை ஆட்டினார்.

தலைவர் இன்னும் உரக்கக் கத்தினார். இவர் இன்னும் பணிவாக ஆட்டினார்.

இருமல் வந்தது, அடக்கிக்கொண்டார். மூச்சு வாங்குவதைக்கூட மெதுவாக வாங்கினார். கடைசியில் தலைவர் துணிந்து ஒருமுறை திரும்பியே பார்த்தார். சைக்கிள் கோணலாகி, சாலையோரம் வரை போய் மீண்டது. அந்தப் பார்வைக்கு அகப்படாமல் எக்ஸ்ரேக்காரர் தலையைத் தாழ்த்திக்கொண்டார். தாழ்த்தாவிட்டாலும் தெரிந்திருக்காது. இறங்கிப்போன சீட்டில் அவர் இருந்த உயரத்துக்கு எலக்ட்ரீஷியனின் அகன்ற முதுகு முழுசாக மறைத்தது.

பள்ளிக்கூட ஆசிரியர்களின் அணி அவர்களைத் தாண்டிப் போயிற்று. போன வருடம் கடைசியாக வந்த அணி அது.

முடிவுக் கோட்டுக்கு ஐந்து கிலோமீட்டர் இருக்கும்போது தலைவர் பிரேக்கைப் பிடித்து, காலை ஊன்றி நின்றே விட்டார். முகத்தில் வியர்வையோடு வேறு ஏதோ ஒன்றும் இருந்தது.

"எக்ஸ்ரே சாரைக் காணோம். வெயில்ல எங்கயாவது விழுந்து கிடக்காரோ என்னவோ. பந்தயம் போனாப் போகுது, திரும்பிப் போய்த் தேடுவோம்."

எலக்ட்ரீஷியனின் முதுகுக்குப் பின்னாலிருந்து வறண்ட குரல் ஒன்று வந்தது. "இங்கதாண்ணே இருக்கேன்."

தலைவர் சைக்கிளைச் சாலையோரம் சாய்த்தார். பிறகு நிறையப் பேசினார். கூப்பிட்டதற்கு ஏன் பதில் இல்லை என்றார். தனக்கு உயிரே போய்விட்டது என்றார். எக்ஸ்ரேக்காரர் தன் நியாயத்தைச் சொன்னார். அந்தத் தொல்லை பிடித்த டிக் யாருக்கும் இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு பாடுபட்டதாகவும், இப்போது லேஸைச் சொருகி அதை அடியோடு ஒழித்துவிட்டதாகவும், இனி அடுத்த வருடத்துத் தண்ணீர் மேசையைப் பற்றித் தலைவர் தாராளமாக முடிவு செய்துகொள்ளலாம் என்றும் சொன்னார்.

காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாத எலக்ட்ரீஷியன் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"சார், போகும்போது அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நீங்க பின்னாடி இருக்கீங்கன்னு நிம்மதியா ஓட்டினோம், அது நின்னதும்தான் போன வருஷம் மாதிரி ஆயிடுச்சோன்னு பயந்துட்டோம், அந்த லேஸை வெளிய எடுத்து விடுங்க."