வைப்பருக்கு மெக்கானிக், பிரேக்குக்கு மாசிலாமணி

ஒரு காட்டில் தார்ச்சாலை போட்டார்கள். அன்றிலிருந்து, நான்கு கால்கள் இருந்த மிருகங்களுக்கெல்லாம் நடப்பது கௌரவக் குறைச்சலாகிவிட்டது. தேன் கூட்டுறவுச் சங்கத்தில் மேற்பார்வையாளராக இருந்த மாசிலாமணி என்ற கரடியும் ஒரு பழைய காரை வாங்கினார். அதற்கு முன் அதை ஓட்டியது ஒரு யானை. சீட்டின் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை.

வாங்கும்வரை கார் ஒரு சந்தோஷம். வாங்கிய பிறகு அது வீட்டில் இன்னொரு வாய். ஆயில் கேட்டது, கூலன்ட் கேட்டது, தேய்ந்ததை மாற்று என்று கிறீச்சிட்டது. அந்த வருஷம் மழை பொய்த்து, பூ குறைந்து, தேன் குறைந்து, சங்கத்தில் சம்பளத்தையும் பாதியாகக் குறைத்திருந்தார்கள். எல்லா வேலைக்கும் கடையில் வண்டியை விட்டுக் கட்டுப்படியாகாது, சிலவற்றை வீட்டிலேயே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவு செய்தார்கள். எதை வீட்டில் பார்ப்பது, எதைக் கடையில் விடுவது என்பதில்தான் பேச்சு நின்றது.

அவர் மனைவி பூங்காவனம் ரேஷன் கடையில் எடை போடுகிறவள். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனாலும் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"நீங்க தப்பா செஞ்சா வண்டி ஓடாம நிக்கும்னா, அந்த வேலைய நீங்க செய்யுங்க. தப்பா செஞ்சா ஓடுற வண்டி நிக்காதுன்னா, அதை சூசைகிட்ட விட்டுருங்க."

சூசை என்பவன் சாலை முக்கில் மெக்கானிக் ஷாப் வைத்திருந்த முள்ளம்பன்றி. சிடுசிடுப்புக்காரன். சொன்ன நேரத்துக்கு வண்டியைத் தரமாட்டான். ஆனால் பக்கத்தில் நின்று பார்த்தால் விரட்டமாட்டான். வைப்பர் மாற்றுவது, ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டுவது, டயரில் காற்றுப் பார்ப்பது எல்லாம் எப்படி என்று கேட்டவர்களுக்கு ஓசியிலேயே காட்டிக்கொடுப்பான். இதுக்கெல்லாம் என்கிட்ட வந்து உயிரை வாங்காதீங்க என்பான்.

பூங்காவனம் சொன்னதில் மாசிலாமணிக்குக் குறை எதுவும் தெரியவில்லை. அதனாலேயே அது பிடிக்கவில்லை. வைப்பர் மாற்றுவதெல்லாம் அணில் செய்கிற வேலை என்று நினைத்தார். தவிர, வைப்பரை நானே மாற்றினேன் என்று சங்கத்தில் யாரிடமாவது சொல்ல முடியுமா? பிரேக்கை நானே மாற்றினேன் என்றால் நாலு பேர் நிமிர்ந்து பார்ப்பார்கள். கூலியும் பிரேக்குக்குத்தான் அதிகம். சேமிப்பது என்று இறங்கிவிட்டால் பெரிதாக அல்லவா சேமிக்க வேண்டும்?

இந்தச் சிந்தனைக்குத் தோள் கொடுக்க அவருடைய கைபேசியில் ஒரு குரங்கு இருந்தது. சக்கரத்தின் தட்டை அழுத்திப் பிடிக்கிற பிரேக் பேடை மாற்றுவது வாழைப்பழம் உரிப்பதைப் போல என்று அது வீடியோ போட்டிருந்தது. கஷ்டமான இடங்களையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டு, நடுநடுவே பாட்டுப் போட்டிருந்தது. மாசிலாமணி அதை மூன்று தடவை பார்த்துவிட்டுத் தன்னை இன்ஜினியர் என்று முடிவு செய்துகொண்டார்.

பூங்காவனம் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், ஜாக்கி வைத்து முன்சக்கரங்களைக் கழற்றினார். பழைய பேடுகளை உருவிக் கீழே போட்டார். கையைத் துடைத்துவிட்டு வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்ப்பதற்குள், எந்தப் பக்கம் எதைப் பார்த்து இருந்தது என்பது மறந்துவிட்டது. புதுப் பேடைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் சொரசொரவென்று கறுப்பாக இருந்தது. மறுபக்கம் வெறும் இரும்பு, பளபளவென்று இருந்தது. பளபளப்பதுதான் நல்ல பக்கம், நல்ல பக்கம்தான் சக்கரத்தின் தட்டைப் பார்க்க வேண்டும் என்று தீர்மானித்து அப்படியே மாட்டினார். பிறகு சக்கரத்தைப் பூட்டிவிட்டு, தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ள எட்டாததால் மரத்தில் உரசிக்கொண்டார்.

அப்புறம் கௌரவமாக சூசையின் ஷாப்புக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்து, வைப்பரை மாற்று, கண்ணாடி துடைக்கிற தண்ணியை ஊற்று, வண்டியை அலம்பு என்று உத்தரவு போட்டார். வண்டி உள்ளே வந்தபோது போட்ட சத்தத்தில் சூசையின் முட்கள் சிலிர்த்து நின்றன. வைப்பரை மாட்டிவிட்டு வந்து, வீலைக் கழற்றி ஒரு பார்வை பார்க்கட்டுமா, காசு வேண்டாம் என்றான். மாசிலாமணி சிரித்தார். உங்க பில்லெல்லாம் இப்படித்தான்பா ஆரம்பிக்கும் என்றார். புதுசு என்றால் கொஞ்ச நாள் சத்தம் போடத்தான் செய்யும் என்றும் அவனுக்கு விளக்கினார். சூசைக்கு அன்றைக்கு வேறு இரண்டு வண்டி காத்திருந்தது. அவன் விட்டுவிட்டான்.

அந்த வாரமே சமவெளியில் பூங்காவனத்தின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். வண்டி சூசையின் ஷாப்புக்குப் போய் வந்ததை அக்கம்பக்கத்தில் எல்லோரும் பார்த்திருந்தார்கள். அதனால் பூங்காவனமும் நிம்மதியாகப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். மலைச்சரிவில் இறங்கும்போது சத்தம் காதைக் கிழித்தது. இது என்னங்க சத்தம் என்றாள்.

மாசிலாமணி இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தார்.

"பிரேக்கை நானே மாத்தினேன்," என்றார்.

அதற்குள் கொண்டை ஊசி வளைவு வந்துவிட்டது. மாசிலாமணி பிரேக்கை மிதித்தார். எழுந்து நின்று மிதித்தார். வண்டி வளைவைச் சட்டை செய்யாமல் நேரே போய், தாயம்மா என்ற மிளா மானின் டீக்கடைக்குள் நுழைந்தது.

கடை விறகாகிவிட்டது. தாயம்மாவுக்கு முன்னங்கால் முறிந்தது. பூங்காவனத்துக்கு வலது கை. மாசிலாமணிக்கு மூக்கில் ஒரு சிராய்ப்பு.

மறுநாள் காட்டெருமைத் தலைவர் பஞ்சாயத்தைக் கூட்டினார். தாயம்மாவைக் கட்டிலோடு தூக்கிவந்தார்கள். யார் தப்போ அவர்தான் கடையைக் கட்டித் தர வேண்டும், கால் கூடும்வரை தாயம்மாவுக்குச் சோறு போட வேண்டும் என்று தலைவர் முதலிலேயே சொல்லிவிட்டார். மாசிலாமணி மூக்கைத் தடவிக்கொண்டே, வண்டி ஷாப்பிலிருந்து வந்த வாரத்திலேயே இப்படி ஆகிவிட்டது என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

சூசை முன்னால் வந்தான். நான் போட்டது வைப்பர், ஊற்றியது தண்ணி, வேண்டுமானால் வீலைக் கழற்றிப் பாருங்கள் என்றான். கழற்றினார்கள். பேடுகள் திருப்பி மாட்டப்பட்டிருந்தன, தட்டைப் பிடிக்க வேண்டிய சொரசொரப்பு வெளிப்பக்கம் பார்த்திருந்தது. எந்த மெக்கானிக்கும் இப்படி மாட்டமாட்டான், இது அவரே வீட்டில் மாட்டியது என்று சொன்ன சூசை, அதோடு தப்பித்துவிடலாம் என்று நம்பினான். கூட்டம் அவனைப் பார்த்துக் காறித் துப்பியது.

தலைவர் நிதானமாகக் கேட்டார்.

"ஏம்ப்பா சூசை, பிரேக்கை வீட்டுல வச்சு தானே மாட்டிட்டு, வைப்பர் மாத்த உன்கிட்ட ஒருத்தன் வருவானா? நம்பற மாதிரி சொல்லு."

சூசைக்கும் யோசித்துப் பார்த்தபோது அது நம்பும்படியாக இல்லை. அவன் பூங்காவனத்தின் பக்கம் திரும்பினான்.

"அக்கா, உங்களுக்குத் தெரியும்ல?"

பூங்காவனம் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். தாயம்மாவின் காலைப் பார்த்தாள். ஒரு டீக்கடைக்கு எத்தனை மூங்கில் ஆகும், பாதிச் சம்பளத்தில் அது எப்படி முடியும் என்று எடைக்காரியின் மனசு ஒரு தடவை நிறுத்துப் பார்த்தது.

"வண்டியில கடைசியா கை வச்சது சூசைதாங்க," என்றாள்.

தீர்ப்பு அதோடு முடிந்தது. சூசையின் ஜாக்கி, கம்ப்ரசர், ஸ்பேனர் எல்லாவற்றையும் விற்று டீக்கடையைக் கட்டினார்கள். அவன் வேறு காட்டைப் பார்த்து நடந்தே போனான். பேடில் எந்தப் பக்கம் எங்கே இருக்க வேண்டும் என்று மாசிலாமணி சபையில் விளக்கிய அழகைப் பார்த்துத் தலைவர் அசந்துபோய், காட்டின் பொது வண்டிகளையெல்லாம் அவர் மேற்பார்வையில் விட்டார். அந்த விளக்கத்தை மாசிலாமணி பஞ்சாயத்துக்குச் சற்று முன்னால்தான், குரங்கின் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

கை கூடிய பிறகு பூங்காவனம் தினமும் தாயம்மாவுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தாள். யாரும் கேட்காமலே கொடுத்தாள். இப்படி ஒரு மனசு யாருக்கு வரும் என்று காடே அவளைப் புகழ்ந்தது. தாயம்மா கஞ்சியைக் குடித்துக்கொண்டே, அந்த முள்ளம்பன்றி நாசமாகப் போக வேண்டும் என்று தினமும் சபிப்பாள். பூங்காவனம் தூக்குச்சட்டி காலியாகும்வரை பக்கத்தில் உட்கார்ந்து, ஆமாம் அக்கா, ஆமாம் என்பாள்.

நீதி: கைக்காசு குறைவாக இருக்கும்போது, உயிர் போகிற வேலையை வீட்டிலேயே செய்துகொள்ளலாம், ஆனால் சில்லறை வேலை ஒன்றையாவது மறக்காமல் மெக்கானிக்கிடம் கொடுத்துவிட வேண்டும். பழி போடவும் ஒரு ஆள் வேண்டுமல்லவா?